வெப்பமண்டலக் கடலின் பருவ மாற்றத்தையும் ஆண்டு மாற்றத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கடல் வெப்பநிலைக் கணக்கு போட்டுப் பழக்குகிறேன். சிலர் கல்லூரி மாணவர்கள், பலர் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள். கணினி அவர்களுக்குக் கைவந்த கலை. இருந்தும் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்: எல் நினோ (நிலநடுக்கோட்டுப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் காவிரியின் கே.ஆர்.எஸ். அணை நிரம்புமா என்ற கடைசிக் கேள்விக்கு முதல் நாளே தாவுகிறார்கள்.

கடல் மாதத்துக்கு மாதம் வழக்கமாக எப்படி மாறும் என்று தெரியாமல், இந்த ஆண்டு வழக்கத்தை விட்டு விலகியதா என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் பருவம், பிறகு ஆண்டு, அதற்கும் பிறகுதான் மழை. கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க அதை வைத்துத்தான். படிகளை இடம் மாற்றிச் செய்யாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டு ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப் போதும். அதுவும் இல்லாவிட்டால் கூகுள் கோலாப்பில் இலவசமாகவே செய்யலாம். பைத்தான் மொழியும் அதில் எக்ஸ்அரே என்ற தொகுப்பும் தேவை. கடல் தரவுகள் பெரும்பாலும் நெட்சிடிஎஃப் கோப்பாகவே வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, காலம் மூன்றையும் சேர்த்துக் கையாள எக்ஸ்அரேதான் வசதி. எக்செலில் தொடங்கியவர்கள் இரண்டாவது வாரமே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அச்சிட்ட உலக வரைபடம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும், பசிபிக் நடுவில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சராசரி எடுக்கப்போகும் கடல்பகுதிகளைப் பெட்டிகளாகப் பென்சிலால் அதில் வரைந்துவிட்டு அப்புறம் கட்டளை எழுதினால் பாதிப் பிழைகள் வராது.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

எந்தக் கடல், எந்த மாதங்கள், எந்த ஆண்டுகள், மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். "இந்தியப் பெருங்கடல் சூடாகிறதா" என்பது கேள்வியே இல்லை. "1950 முதல் ஒவ்வொரு செப்டம்பர்–நவம்பரிலும் சுமத்ராவை ஒட்டிய கடல் வழக்கத்தைவிட எவ்வளவு குளிர்ந்தது" என்றால் வேலையைத் தொடங்கலாம்.

காரணம், கேள்விதான் தரவைத் தீர்மானிக்கிறது. எழுபது ஆண்டு பார்க்கிறவருக்குத் தேவையான தரவு வேறு, ஒரு புயலுக்கு முன்னும் பின்னும் பார்க்கிறவருக்குத் தேவையானது வேறு.

3. தரவைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு அமெரிக்காவின் நோவா நிறுவனம் தரும் இ.ஆர்.எஸ்.எஸ்.டி. ஐந்தாம் பதிப்பைத்தான் சொல்வேன். 1854 முதல் மாதச் சராசரி, இரண்டு டிகிரி கட்டங்கள், சின்னக் கோப்பு. பிரிட்டனின் ஹாட்ஐஎஸ்எஸ்டி 1870 முதல் ஒரு டிகிரி கட்டத்தில் கிடைக்கும். அதே நோவாவின் ஓ.ஐ.எஸ்.எஸ்.டி. 1981 செப்டம்பர் முதல் தினசரித் தரவு, கால் டிகிரி கட்டம். ஓராண்டுக் கோப்பே சில நூறு எம்பி வரும்.

கட்டம் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து முதல் நாளே தினசரித் தரவை இறக்குகிறார்கள். வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்துக்கு நீளமான காலமே முக்கியம். எல் நினோ இரண்டு முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. நாற்பது சொச்சம் ஆண்டுத் தரவில் பெரிய நிகழ்வுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நீளமான தரவுக்கும் ஒரு விலை உண்டு. பழைய அளவீடுகள் கப்பல் போன வழிகளில் மட்டும் எடுத்தவை. நடுவிலுள்ள இடங்கள் கணக்கால் நிரப்பப்பட்டவை. வெப்பமண்டலப் பசிபிக்கில் 1950க்கு முந்தைய எண்களை நான் வரைபடத்தில் காட்டுவேன், முடிவு சொல்லப் பயன்படுத்த மாட்டேன்.

செயற்கைக்கோள் காலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அகச்சிவப்புக் கருவியால் மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது. ஜூலையில் அரபிக்கடலும் வங்கக்கடலும் மேகமூட்டத்தில் கிடக்கும். அந்த மாதங்களின் நுண்ணிய விவரங்களை நம்பும் முன் மிதவைகளின் அளவோடு ஒப்பிட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்திடம் மிதவைத் தரவு கிடைக்கும்.

4. கோப்பைத் திறந்து அச்சுகளைப் படியுங்கள்

எதையும் கணக்கிடும் முன் அட்சரேகையின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். தீர்க்கரேகைக்கும் காலத்துக்கும் அதேபோல.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் மைனஸ் 5 முதல் 5 வரை அட்சரேகை வெட்டச் சொல்கிறார். கோப்பில் அட்சரேகை 88இல் தொடங்கி மைனஸ் 88இல் முடிகிறது, அதாவது வடக்கிலிருந்து தெற்கே போகிறது. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் காலியான பெட்டியைத் தருகிறது. சராசரி எடுத்தால் வெற்று மதிப்பு வருகிறது. தரவு கெட்டுவிட்டது என்று கோப்பை மறுபடி இறக்குகிறார், அதுவும் அப்படியே. அட்சரேகையை ஒருமுறை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் தீர்ந்தது.

தீர்க்கரேகைக்கும் இதே கவனம் தேவை. பல கோப்புகளில் அது 0 முதல் 360 வரை ஓடும். மேற்கு 170 என்பது அங்கே 190, மேற்கு 120 என்பது 240. மைனஸ் 170 என்று கொடுத்தால் எதுவும் கிடைக்காது.

5. பெட்டிகளை வெட்டி, எடையிட்டுச் சராசரி எடுங்கள்

பழகுவதற்கு ஐந்து பெட்டிகள் போதும்.

நினோ 3.4 (எல் நினோவை அளக்கும் பசிபிக் பெட்டி): தெற்கு 5 முதல் வடக்கு 5 வரை, மேற்கு 170 முதல் மேற்கு 120 வரை.

இந்தியப் பெருங்கடல் இருமுனையின் (கடலின் மேற்கும் கிழக்கும் எதிரெதிராகச் சூடாவது, குளிர்வது) மேற்குப் பெட்டி: தெற்கு 10 முதல் வடக்கு 10 வரை, கிழக்கு 50 முதல் 70 வரை.

அதன் கிழக்குப் பெட்டி: தெற்கு 10 முதல் நிலநடுக்கோடு வரை, கிழக்கு 90 முதல் 110 வரை.

இவற்றோடு அரபிக்கடலுக்கு ஒன்று, வங்கக்கடலுக்கு ஒன்று. அவற்றின் எல்லைகளை நீங்களே வையுங்கள், ஆனால் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அட்சரேகையின் கொசைன் மதிப்பால் எடையிட வேண்டும், ஏனென்றால் துருவத்தை நோக்கிப் போகப் போகக் கட்டத்தின் பரப்பு சுருங்குகிறது. உண்மையில் 5 டிகிரியில் அந்த எடை 0.996; நினோ பெட்டியில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 30 டிகிரியில் 0.866. பிறகு முழுக் கடலுக்கும் சராசரி எடுக்கும் நாளில் எடை மறந்துபோகும் என்பதால் இப்போதே பழக்கிவிடுகிறேன்.

நிலக் கட்டங்கள் வெற்று மதிப்பாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிழக்குப் பெட்டிக்குள் சுமத்ராவும் ஜாவாவின் ஒரு பகுதியும் வருகின்றன. அங்கே பூஜ்யம் இருந்தால் சராசரி பாழ்.

6. பருவச் சுழற்சியை வரையுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளை எடுத்து, ஜனவரிகளுக்கு ஒரு சராசரி, பிப்ரவரிகளுக்கு ஒரு சராசரி என்று பன்னிரண்டு எண்கள் காணுங்கள். ஐந்து பெட்டிக்கும் ஐந்து கோடுகள். அவற்றை ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

நினோ 3.4 கோட்டில் உச்சம் மே மாதத்தில், ஏறத்தாழ 27.9 டிகிரி. தாழ்வு டிசம்பர்–ஜனவரியில், 26.6 அருகே. மொத்த ஏற்ற இறக்கமே ஒன்றேகால், ஒன்றரை டிகிரிக்குள்தான்.

அரபிக்கடல் முற்றிலும் வேறு. ஏப்ரல்–மேயில் கொதிக்கும். ஜூனில் தென்மேற்குக் காற்று வலுத்ததும் சோமாலியா, ஓமன் கரைகளில் அடிக்கடல் குளிர்நீர் மேலே வரும், காற்று நீரைக் கலக்கும், ஆவியாதலும் கூடும். வெப்பநிலை இறங்கிவிடும். அக்டோபரில் காற்று தணிந்ததும் சின்னதாக இரண்டாவது உச்சம், பிறகு வடகிழக்கு வறண்ட காற்றில் மறுபடி இறக்கம். ஆக, இரண்டு மேடு, இரண்டு பள்ளம். உங்கள் கோட்டில் ஒரே மேடுதான் தெரிகிறது என்றால் பெட்டி நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

வங்கக்கடல் மழைக்காலத்தில் அந்த அளவுக்கு இறங்காது. 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். மழைநீரும் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீரும் கடல்மேல் லேசான ஓர் அடுக்காக மிதக்கின்றன. காற்றால் அதைக் கீழுள்ள குளிர்ந்த உப்புநீரோடு எளிதில் கலக்க முடிவதில்லை. ஒரே அட்சரேகையில் பக்கத்துப் பக்கத்துக் கடல்கள் இரண்டு ஆகஸ்டில் இப்படிப் பிரிவதை முதன்முதலாகத் தாங்களே வரைந்து பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த படம் அதுதான்.

சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பெட்டியில் ஜூன் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று கரையை ஒட்டி வீசுவதால் கொஞ்சம் குளிர்ச்சி ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இதை நன்றாக மனதில் வையுங்கள். இருமுனை நேர்மறையாகும், அதாவது மேற்கு சூடாகிக் கிழக்கு குளிரும் ஆண்டில் நடப்பது புதிய ஒன்றல்ல, இந்த வழக்கமான குளிர்ச்சி வரம்பு மீறிப் பெருகுவதுதான். அதனால்தான் அது ஜூன் வாக்கில் தொடங்கி, செப்டம்பர்–நவம்பரில் உச்சம் தொட்டு, காற்று திசை மாறும் டிசம்பரில் முடிந்துவிடுகிறது.

தினசரித் தரவில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆண்டின் எத்தனையாவது நாள் என்று குழுவாக்கினால் லீப் ஆண்டில் பிப்ரவரி 29க்குப் பிறகு எல்லா நாளும் ஒன்று தள்ளிப்போகும். மாதம், தேதி இரண்டையும் சேர்த்துக் குழுவாக்குங்கள். வரும் கோடு ரம்பப் பல் போல இருக்கும். சில வார அகலத்துக்கு நகரும் சராசரி எடுத்து மென்மையாக்கிய பிறகே கழிக்க வேண்டும்.

7. விலகலைக் காணுங்கள்

ஒவ்வொரு மாத மதிப்பிலிருந்தும் அதே மாதத்தின் முப்பதாண்டுச் சராசரியைக் கழியுங்கள். 25 டிகிரி என்றால் ஊட்டியில் வெயில், வேலூரில் குளிர். எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அந்த இடத்தின் வழக்கம். கடலில் இடத்தோடு மாதமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே வரும் பெரிய பிழை, மொத்தத் தொடருக்கும் ஒரே சராசரியைக் கழிப்பது. அப்படிச் செய்தால் அரபிக்கடலில் ஒவ்வொரு மே மாதமும் வெப்பக் கடலாகவும் ஒவ்வொரு ஜனவரியும் குளிர்க் கடலாகவும் தெரியும். பருவம் அப்படியே உள்ளே இருக்கும்.

அடுத்தது, அடிப்படை ஆண்டுகளை, அதாவது வழக்கச் சராசரி எடுத்த ஆண்டுகளைக் கலப்பது. ஓ.ஐ.எஸ்.எஸ்.டி. கோப்பிலேயே விலகல் தயாராக இருக்கும். ஆனால் அது 1971–2000 சராசரியை வைத்துப் போட்டது. அதையும் 1991–2020 வைத்து நீங்கள் போட்டதையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால், நடுவே இல்லாத ஒரு வெப்ப உயர்வு முளைக்கும். கடல் வெப்பநிலையிலிருந்து நீங்களே புதிதாகப் போடுங்கள்.

விலகல் வந்ததும் மாதவாரியாகத் திட்டவிலக்கமும் (மதிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள். நினோ 3.4இல் அது நவம்பர்–ஜனவரியில் பெரிது, ஏப்ரல்–மேயில் சிறிது. ஒரே 0.7 டிகிரி டிசம்பரில் சாதாரணமாக வந்துபோகும், மே மாதத்தில் கவனிக்க வேண்டியது.

இன்னொன்றையும் பாருங்கள். பசிபிக் பெட்டியில் பெரிய எல் நினோவின் விலகல் பருவத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தையே மிஞ்சும். அரபிக்கடலில் தலைகீழ்: பருவ மாற்றம் பல டிகிரி, ஆண்டு மாற்றம் பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள். அதனால் பருவத்தைச் சரியாகக் கழிக்காத பிழை பசிபிக்கில் மறைந்துகொள்ளும், நம் கடலில் ஆளையே கவிழ்க்கும்.

8. நீண்டகால வெப்ப உயர்வைத் தனியே பிரியுங்கள்

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் பல பத்தாண்டுகளாகச் சீராகச் சூடேறி வருகிறது. அதைப் பிரிக்காவிட்டால் அண்மை ஆண்டுகள் எல்லாமே "வழக்கத்துக்கு மேல்" என்று வரும், ஆண்டுக்கு ஆண்டு உள்ள ஏற்றத்தாழ்வு அதில் அமுங்கிவிடும். மாதம் மாதமாக ஒரு நேர்கோடு பொருத்திக் கழிப்பது எளிய வழி.

ஆனால் கழித்ததை மட்டும் காட்டுவது எனக்கு ஒப்பாது. பவளப்பாறைக்குக் கடலின் முழு வெப்பமும்தான் சுடுகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தபோது எல் நினோவின் சூடும் நீண்டகாலச் சூடும் ஒன்றாகச் சேர்ந்தே தாக்கின. கழித்தது, கழிக்காதது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

9. குறியீடுகளாக்கி, வெளியான எண்களோடு சரிபாருங்கள்

நினோ 3.4 விலகலுக்கு மூன்று மாத நகரும் சராசரி எடுங்கள். ஒவ்வொரு மாதமாக நகரும் மும்மாதச் சராசரிகளில் அடுத்தடுத்து ஐந்து 0.5ஐத் தொட்டோ தாண்டியோ நின்றால் எல் நினோ, மைனஸ் 0.5 அல்லது அதற்கும் கீழே நின்றால் அதன் எதிர்நிலையான லா நினா. ஐந்து என்று கேட்பதற்குக் காரணம் உண்டு: சில வாரக் காற்று மாற்றத்தால் வந்துபோகும் சூட்டை எல் நினோ என்று எண்ணிவிடக் கூடாது.

இருமுனைக்கு மேற்குப் பெட்டியின் விலகலிலிருந்து கிழக்குப் பெட்டியின் விலகலைக் கழியுங்கள். விலகலிலிருந்து விலகல். வெப்பநிலையிலிருந்து வெப்பநிலையைக் கழித்துக் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கிறார்.

2015 நவம்பர்–2016 ஜனவரிக்கு உங்கள் நினோ எண் 2.6 அருகே வர வேண்டும். 1997–98 உச்சம் 2.4 அருகே. இருமுனையில் 1961, 1994, 1997, 2006, 2019 ஆண்டுகளின் செப்டம்பர்–நவம்பர் மாதங்கள் நேர்ப்பக்கம் எழும்பி நிற்க வேண்டும். 2016 எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும்.

பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை வரையுங்கள். எல்லா ஆண்டிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அடிப்படை ஆண்டு வேறு. வித்தியாசம் ஆடிக்கொண்டே இருந்தால் பெட்டியிலோ எடையிலோ பிழை. பழைய ஆண்டுகளில் மட்டும் மெல்ல விலகினால் கவலை வேண்டாம்: நோவா தன் எல் நினோ பட்டியலுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகரும் அடிப்படையை வைத்துக்கொள்கிறது, நீங்கள் நிலையான ஒன்றை வைத்திருக்கிறீர்கள்.

ஆண்டுச் சராசரி எடுக்கும்போது ஜனவரி–டிசம்பர் வேண்டாம். எல் நினோவின் உச்சம் டிசம்பரை ஒட்டி வருவதால் அது இரண்டாக வெட்டுப்படும். ஜூன் முதல் அடுத்த மே வரை ஓர் ஆண்டாக வையுங்கள். டிசம்பர்–பிப்ரவரிச் சராசரியில் 2015 டிசம்பரோடு சேர வேண்டியது 2016 ஜனவரி. நிரல் தானாக 2015 ஜனவரியைச் சேர்த்துவிடும், கண் வையுங்கள்.

10. இனி மழைக்குப் போகலாம்

இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரி தினசரி மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. சரி, எந்த ஊர் மழையை எடுப்பது? பெங்களூரில் இருப்பவர்கள் பெங்களூர் மழையை எடுக்கிறார்கள். கே.ஆர்.எஸ். நிரம்புவது குடகில் ஜூன்–செப்டம்பரில் பெய்யும் மழையால். பெங்களூர் நகரத்தில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம். அது வேறு கதை.

மேட்டூருக்கும் குடகும் கபினி நீர்ப்பிடிப்பும்தான் ஆதாரம். ஜூன் 12 திறப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் டெல்டாவின் குறுவை தென்மேற்குப் பருவமழையை நம்பியது. அதே டெல்டாவில் அக்டோபருக்குப் பிறகு பெய்வது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ முன்னதைக் குறைக்கப் பார்க்கும், பின்னதைப் பல நேரம் கூட்டும். இரண்டையும் கூட்டி ஆண்டு மழை என்று வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தொடர்பே இல்லை என்ற முடிவு வரும்.

2023ஐ எடுத்துப் பாருங்கள். எல் நினோ ஆண்டு. அந்த ஆகஸ்ட்தான் 1901க்குப் பிறகு நாட்டில் மிக வறண்ட ஆகஸ்ட். காவிரி நீருக்கு இரு மாநிலத்துக்கும் தகராறு, அடுத்த மார்ச்சில் பெங்களூரில் டேங்கர் லாரிக்கு வரிசை. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை.

அதற்காக இதை விதியாக்கிவிடாதீர்கள். 1997இல் அவ்வளவு பெரிய எல் நினோ வந்தும் தென்மேற்குப் பருவமழை நாட்டளவில் நீண்டகாலச் சராசரியில் 102 சதவீதம். அந்த ஆண்டு இருமுனை வலுவாக நேர்மறையில் இருந்தது. 2002இல் அதைவிட மிதமான எல் நினோ, மழையோ 81 சதவீதம். 2021 லா நினா ஆண்டு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது.

ஒட்டுறவுக் கெழு (இரண்டு தொடர்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) கணக்கிடும்போது எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 75 ஆண்டுகள் இருந்தால் 0.23ஐத் தாண்டினால்தான் 95 சதவீத நம்பிக்கை. 30 ஆண்டுகள் என்றால் 0.36 வேண்டும். ஐந்து பெட்டி, பன்னிரண்டு மாதம், இரண்டு மழைக்காலம் என்று போட்டால் 120 ஒட்டுறவுகள். அவற்றில் ஆறு தற்செயலாகவே இந்த வரம்பைத் தாண்டும். அந்த ஆறைப் பொறுக்கி எடுத்து வந்து காட்டாமலிருக்கத்தான் இரண்டாம் படியில் கேள்வியை முன்கூட்டியே எழுதச் சொன்னேன்.

மாத இடைவெளிகளையும் சோதியுங்கள். எல் நினோ டிசம்பரில் உச்சம் தொட்டால் இந்தியப் பெருங்கடல் முழுவதும் சூடேற அடுத்த மார்ச்–மே ஆகிவிடும். அதே மாதத்தோடு அதே மாதத்தை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. மார்ச்–மே கடலை வைத்து வரும் டிசம்பரின் எல் நினோவைச் சொல்லப் பார்த்தால் ஒட்டுறவு சட்டென்று பலவீனமாகும். அது உங்கள் நிரலின் பிழையல்ல. அந்த மாதங்களில் பசிபிக்கின் காற்றும் கடலும் ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதில்லை. பெரிய வானிலை மையங்களின் முன்கணிப்புகளும் அங்கேதான் திணறுகின்றன. ஏப்ரலில் யாராவது டிசம்பர் எல் நினோவை அடித்துச் சொன்னால், அவர் எந்த மாதத் தரவு வரை வைத்துச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.